உப்பு வாங்கிய சனிக்கிழமை

ஜெலுத்தோங்கில் டயர் கடைக்கு மேல்மாடி.
படியேறும்போதே ஈரக்காற்று, பம்புகளின் முனகல்.
மீன் பார்க்கவா என்றார் பூன் கியாட்.
இல்லை, தண்ணீர் பார்க்க.

காலை ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருந்தேன்.
கையில் பட்டியல், டயலிசிஸ் சார்ட் ஒன்றின் பின்பக்கத்தில்:
மூன்றடித் தொட்டி, ஸ்கிம்மர், பம்பு இரண்டு,
அலை எழுப்பி, விளக்கு, ஹீட்டர்.

"பினாங்கில் ஹீட்டரா?
மீன் வளர்க்கவா, சூப் வைக்கவா?"
பேனா கேட்டு வாங்கி
அவரே அடித்தார்.

சில்லர் ஆயிரத்து இருநூறு வெள்ளி.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
இரண்டு சின்ன விசிறிகளை எடுத்து வைத்தார். நாற்பது.
"இரண்டு டிகிரி இறங்கும். ஆனால்
தண்ணீர் குறையும், தினமும் ஊற்றணும்.
உப்பு கலக்காத தண்ணீர், மறந்திடாதே.
ஆவியாய்ப் போவது தண்ணீர் மட்டும்.
உப்பு எங்கேயும் போகாது."

தெரியும் என்றேன்.
வாரத்தில் ஆறு நாள் அதைத்தான் பார்க்கிறேன்.

ஸ்கிம்மரைப் பிரித்துக் காட்டினார்.
குழலுக்குள் நுரை ஏறும்,
நுரையைப் பிடித்துக்கொண்டு அழுக்கு ஏறும்,
மேலே கோப்பையில் சேரும்.
என்ன நிறத்தில் என்று கேட்டேன்.
இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.
தே ஓ மாதிரி, என்றார் யோசித்து.

பிறகு வடிகட்டி. மெம்பிரேன், கார்பன், குளோரின்.
நடுவில் நிறுத்தி என் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்தார்.
தினமும் விடியலில், முதல் ஆள் உட்காருமுன்
குளோரின் சோதிப்பது என் வேலை.
மிஞ்சினால் மீன் சாகும் என்றார்.
எங்களிடம் ரத்தம் உடையும் என்றேன்.
"அப்போ நீயும் தொட்டிதான் வைத்திருக்கிறாய், மிஸ்ஸி."
பதினான்கு நாற்காலி.
ஒளிமானிக்கு விலை குறைத்தார்,
ஒரு துளி வைத்து வெளிச்சத்தில் பிடித்தால்
உப்பின் கோடு நீலமாய் நிற்கும் அதற்கு.

இருபது கிலோ உப்பு பக்கெட் கால்களுக்கிடையில்,
கிராப் காரில் கடலோரச் சாலை.
இடப்பக்கம் முழுக்கக் கடல்
விலையில்லாமல் கிடந்தது.
பெயிண்டா அக்கா, என்றான் டிரைவர்.
உப்பு.
இவ்வளவு எதுக்கு?
கடல் செய்ய.
ரேடியோவைக் கூட்டிக்கொண்டான்.

மூன்றாம் நாற்காலி சன்னாசி,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
ஊசி ஏற்றும்போது பேச்சு வேண்டும் அவருக்கு.
தொட்டியைச் சொன்னேன்.
எத்தனை லிட்டர்?
நூற்றைம்பது.
உதடுகளால் கணக்குப் போட்டார்.
ஒரு நாளைக்கு அவருக்கு அரை லிட்டர்,
ரசமும் மருந்து விழுங்கும் மடக்கும் சேர்த்து.
"என்னோட பத்து மாசம்
ஒன் வீட்டு ஹால்ல நிக்குது"
என்று சிரித்தார். மெஷின் சத்தம்போட்டது,
கையை ஆட்டாதீர்கள் என்றேன்.

அதற்குப்பின் வரும்போதெல்லாம்
எடை பார்க்குமுன்னே கேட்பார்:
மீன் வந்திருச்சா?

வரவில்லை.
மணல், பூன் கியாட் கொடுத்த கல், விளக்கு.
எதுவுமில்லாத தண்ணீருக்கு
வேளை தவறாமல் அலை.
அம்மோனியா ஏறியது, நின்றது, இறங்கியது.
சோதனைக் குப்பியை அட்டையோடு ஒட்டிப் பிடித்து
பச்சையா மஞ்சளா என்று
ஜன்னலோரம் நிற்கிறேன்.
ஆறு வாரம் ஆகும் என்றிருந்தார்.
இது ஐந்தாவது.

நேற்று, ஞாயிறு இரவு,
விளக்கணைத்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கண்ணாடியின் உட்பக்கம்
கடுகளவு நத்தை ஒன்று
தன் வழியில் ஏறிக்கொண்டிருந்தது.
நான் வாங்கவில்லை. பட்டியலில் இல்லை.
கல்லுக்குள் இருந்து
இத்தனை நாளும் தண்ணீரைச் சோதித்திருக்கிறது
என் குப்பிகள் இல்லாமல்.

இன்று திங்கள். மூன்றாம் நாற்காலிக்குச் சொல்லணும்.
தண்ணி குடிக்குமா அது, என்பார்.
எவ்வளவு, என்பார்.